காலில் கட்டிய புகையிலை

கோகிலாவுக்கும் பிரவீனுக்கும் அப்பா எழுதுவது.

என் இடது காலில் இப்போது மூன்று விரல்கள்தான் இருக்கின்றன. நான் படுத்திருக்கும்போது பிரவீன் ஓரக்கண்ணால் அதை எண்ணுவதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் இல்லை என்பான். எண்ணலாம் சாமி, தப்பில்லை. போன விரல்கள் எப்படிப் போயின, மீதிப் பாதம் எப்படித் தங்கியது என்று நீங்கள் இருவரும் முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் நீங்கள் அத்தை வீட்டில் இருந்தீர்கள். போனில் நான் சொன்னதெல்லாம் பாதிதான். இன்னும் ஒரு மாதத்துக்கு நடக்க மட்டும் செய்யலாம், மண்வெட்டி தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்திருக்கிறது. எட்டாவது வரை படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் கோகிலா திருத்திக்கொள்ளட்டும்.

முதலில் வந்தது வலிதான். நம் மேட்டு மிளகுக் காட்டுக்கு ஏறும்போது இடது பாதத்துக்குள் யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல இருக்கும். நின்றால் விட்டுவிடும். நாலு எட்டு வைத்தால் மறுபடி பிடிக்கும். ஒவ்வொரு சில்வர் ஓக் மரத்துக்கும் ஒரு தடவை நின்று, மிளகுக் கொடியைப் பார்ப்பதுபோலப் பாவனை செய்வேன்.

"முப்பத்தெட்டு வயசுல என்னங்க கெழவனாட்டம் அங்கங்க நிக்கறீங்க?" என்றாள் உங்கள் அம்மா.

"கொடியப் பாக்கறேன் புள்ள."

"கொடி மேல இருக்குது. நீங்க காலப் பாக்கறீங்க."

அவளிடம் எதையும் மறைக்க முடியாது. அந்தச் சமயத்தில்தான் சுண்டுவிரலில் கல் இடித்துச் சின்னதாக ஒரு காயம் ஆனது. மஞ்சள் வைத்தோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டுப் போட்டார்கள். ஒரு மாதம் ஆகியும் காயம் மூடவில்லை. விரல் நாவல்பழம்போல நிறம் மாறியது. ஒருநாள் அம்மா என் இரண்டு பாதங்களிலும் கையை வைத்துப் பார்த்தாள். "வலது கால் காயுது. இடது கால் கெணத்துக் கல்லாட்டம் சில்லுனு இருக்குதுங்க. நாளைக்கே கீழ போறோம்" என்றாள்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி மலையடிவாரக் காரவள்ளி வருவதற்குள், ஒவ்வொரு வளைவிலும் பஸ் சாயும்போது அந்தக் காலை ஊன்றாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கும் இடத்தில் தொடங்கி, கட்டில் கிடைக்கும்வரை நாலு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "சர்க்கரை இருக்கா?" காலில் ஆறாத புண் என்றாலே அங்கே சர்க்கரைதான். ஊசி குத்திப் பார்த்தார்கள், இல்லை. ஐந்தாவது ஆளும் கேட்டபோது அம்மா, "இல்லீன்னு எழுதி நெத்தியில ஒட்டிக்கோங்க" என்று என்னிடம் சொன்னாள். கேட்டவரே சிரித்துவிட்டார்.

பிறகு டாப்ளர் என்று ஒரு பரிசோதனை. வலிக்காது. பேனா மாதிரி ஒன்றைத் தோலில் வைப்பார்கள். உள்ளே ரத்தம் ஓடினால் சின்னப் பெட்டியிலிருந்து உஷ், உஷ் என்று சத்தம் வரும். வலது கணுக்காலில் வைத்ததும் சத்தம் அறையையே நிறைத்தது. இடது கணுக்காலில் வெறும் கரகரப்பு. டாக்டரம்மா அந்தப் பேனாவை இங்கே நகர்த்தி, அங்கே நகர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தேடினார். என் காலுக்குள் என் ரத்தத்தை ஒருவர் தேட வேண்டியிருக்கிறதே.

அடுத்தது, ரத்தத்தில் சாயம் ஏற்றி எடுக்கும் படம். ஆஞ்சியோகிராம் என்பார்கள். வலது காலில் ரத்தக் குழாய்கள் பாதம்வரை நீளமாக வந்தன. இடது காலில் முழங்காலுக்குக் கீழே ஒவ்வொன்றாக நின்றுபோயிருந்தன. நின்ற இடத்தைச் சுற்றி மெல்லிசாகச் சுருள் சுருளாகச் சில குழாய்கள், மிளகுக் கொடி மரத்தைப் பற்ற விடுமே சின்ன வேர், அதுபோல. பெரிய வழி அடைபட்டதும் உடம்பு தானே போட்டுக்கொண்ட குறுக்குப் பாதைகள் என்றார் டாக்டரம்மா.

அவர் என்னைவிட இளையவர். "பீடியாண்ணா, மெல்றதா?" என்று கேட்டார்.

"பீடி நாளைக்கு ஒரு கட்டுங்க. மத்த நேரம் வாயில பொகையில இருக்குமுங்க."

"எத்தனை வருஷமா?"

"மீச மொளைக்கறதுக்கு முன்னாடியிருந்துங்க."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர் உட்கார்ந்தால் விஷயம் பெரிது. "இதுக்கு பர்ஜர் நோய்னு பேர். புகையிலை பழக்கம் இருக்கிற சின்ன வயசுக்காரங்களுக்கு வரும். கை கால்ல இருக்கிற சின்ன ரத்தக் குழாய் வீங்கி, உறைஞ்சு, அடைச்சுக்கும். நான் மருந்து ஏத்துவேன். ஆனா மருந்து பாதி வேலைகூடச் செய்யாது. புகையிலையை முழுசா விட்டா கால் நிக்க வாய்ப்பு இருக்கு. விடலைன்னா போகும். குறைச்சுக்கறேன்னு சொல்றது இங்க செல்லாது. பழக்கத்தை விடறதுக்குன்னு தோல்ல ஒட்டற நிக்கோட்டின் பிளாஸ்திரி இருக்கு, அதுகூட உங்களுக்கு ஆகாது."

தோலில் ஒட்டுவதுகூட ஆகாது என்றார். என் காதால் கேட்டேன். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வார்டுக்கு வந்ததும் பீடியும் புகையிலையும் வைத்திருந்த சுருக்குப்பையை அம்மாவிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "எங்கிட்டக் குடுத்தா நான் ஒளிச்சு வெப்பேன், நீங்க தேடுவீங்க. நீங்களே போய்ப் போட்டுட்டு வாங்க" என்றாள். நொண்டிக்கொண்டே போய்க் குப்பைத் தொட்டியில் போட்டேன். இனித் தொடமாட்டேன் என்று அன்று போனில் கோகிலாவுக்குச் சத்தியமும் பண்ணினேன்.

முதல் ஐந்து நாட்கள் நான் மனிதனாக இல்லை. டீ சூடு இல்லை என்று அம்மாவைத் திட்டினேன், டீ சுட்டதற்கும் திட்டினேன். வாய் எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தது. படுத்தால் பாதம் எரியும் என்பதால் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டே தூங்கப் பழகினேன். அம்மா பலாக்கொட்டையை வறுத்து வரச் சொல்லி அத்தைக்குப் போன் செய்தாள். அத்தை அதையும் சாமைச் சோற்றையும் தூக்குவாளியில் போட்டு மலை பஸ்ஸில் அனுப்புவாள். கண்டக்டர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வைத்துவிட்டுப் போவார். ஒருநாள் வாளிக்குள் ஒரு குரங்குக் குல்லாய் இருந்தது. "அப்பா காலுக்குக் குளுருமாமா" என்று பிரவீன் கொடுத்து அனுப்பியது. அதைப் பாதத்தில் மாட்டிக்கொண்டு படுத்திருந்தேன். வார்டே வந்து பார்த்துவிட்டுப் போனது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர். அவருக்கும் இதே நோய். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே எடுத்தாகிவிட்டது. அப்படியும் கக்கூஸில் போய்ப் பீடி இழுப்பார்.

"வா தம்பி, ஒரே ஒரு இழுப்பு. ஏன் பயப்படறே? எனக்கே இன்னொரு கால் மிச்சம் இருக்கே."

"எனக்கு ரெண்டும் வேணுமுங்கண்ணா" என்றேன். அவர் சிரித்தார். ஆனால் பிறகு என்னைக் கூப்பிடவில்லை.

வாயில் அடக்கிய புகையிலை காலைப் போய் எப்படிக் கெடுக்கும் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. கேட்டேன். டாக்டரம்மா ஒரு பேப்பரில் வட்டம் போட்டு, அதற்குள் அவரைக்கொட்டை மாதிரி நாலைந்து வரைந்தார். அன்று மாலை, கோகிலா, போனில் உன்னிடம் சொன்னேன். "அப்பா, அது எங்க புஸ்தகத்துலயே இருக்குது, மைட்டோகாண்ட்ரியா" என்று நீ அடுத்த பக்கம்வரை படித்துக் காட்டினாய். நீயும் டாக்டரும் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி பிரவீனுக்குச் சொல்கிறேன்.

நம் உடம்பு செல் என்னும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகளால் ஆனது. ஏறக்குறைய எல்லா அறையிலும் அடுப்பு எரிகிறது. அந்த அடுப்புதான் மைட்டோகாண்ட்ரியா. ஓர் அறையில் ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில்கூட இருக்குமாம். நாம் தின்ற சோற்றின் சத்தையும் மூச்சுக் காற்றில் இருக்கும் ஆக்சிஜனையும் ரத்தம் கொண்டுபோய்க் கொடுக்கும். அடுப்பு அதை மெதுவாக எரித்துச் செல்லுக்கு வேலை செய்யும் சக்தியைத் தரும். விரல் அசைவதும் புண் மூடுவதும் அந்தச் சக்தியில்தான்.

புகையிலையில் இருக்கும் நிக்கோட்டின் இரண்டு பக்கமும் கெடுக்கிறது. ரத்தக் குழாயைச் சுருக்குகிறது. அதனால் அடுப்புக்கு வர வேண்டியது குறைகிறது. செல்லுக்குள்ளும் நுழைந்து அடுப்பைச் சரியாக எரிய விடுவதில்லை. ஈர விறகு வைத்த அடுப்பு எப்படி? சூடு குறைவு, புகை அதிகம். அதுபோலச் சக்தி குறைந்து, செல்லையே அரிக்கும் ஒரு கழிவு கூடுகிறது. ரத்தக் குழாயின் உள்பக்கத்தில் பூசினாற்போல ஒரு வரிசைச் செல்கள் இருக்கின்றன. அவை கெட்டால் குழாய்க்கு விரியத் தெரியாமல் போகிறது. புண்ணை மூட வேண்டிய தோல் செல்லும் சோர்ந்துவிடுகிறது. "எல்லாமே தெரிஞ்சிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். இந்த நோய் ஏன் சிலருக்கு மட்டும் வருதுன்னு இன்னும் தேடிட்டுதான் இருக்காங்க. ஆனா புகையிலையை நிறுத்தினா நோய் அடங்குதுங்கறது உறுதி" என்றார் டாக்டரம்மா.

குழாயை விரிக்கும் மருந்தைத் தினமும் ஆறு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். முகம் சிவந்து தலை விண்ணென்று தெறிக்கும். மூன்றாம் வாரம் புண்ணின் ஓரம் காய ஆரம்பித்தது. வீட்டுக்கு அனுப்பும்முன் சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்துப் பார்த்தார்கள். உடம்பில் நிக்கோட்டின் போய்ச் சேர்ந்திருந்தால் அந்தப் பட்டை காட்டிக் கொடுத்துவிடும். சுத்தம் என்று வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எட்டாவதில் பாஸானபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

மலைக்கு வந்தபோது மழை பிடித்திருந்தது. மழை என்றால் மிளகுக் காட்டில் அட்டைக் கடிதான். நாம் என்ன செய்வோம்? புகையிலைத் தண்டைக் கொதிக்க வைத்து, அந்தத் தண்ணீரில் துணிப்பட்டைகளை ஊறப் போட்டுப் பிழிந்து, கணுக்காலுக்கு மேல் ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று என்று இறுக்கிக் கட்டுவோம். மழையில் நனைய நனையச் சாறு காலில் வழியும். அட்டை கிட்டே வராது. அம்மா வழக்கம்போல அட்டைத் துணி பிழிந்து வைத்தாள். நான் வழக்கம்போலக் கட்டிக்கொண்டு, கொடி சாய்ந்துவிட்டதா என்று பார்க்க இரண்டு வாரம் தினமும் காட்டுக்குப் போனேன். பீடி தொடவில்லை. புகையிலை மெல்லவில்லை. வாய் சுத்தமாக இருந்ததால் நான் புகையிலையை விட்டவன் என்றே நடந்துகொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம் பக்கத்து விரலும் கறுத்தது. பாதத்தின் மேல்புறம் சிவந்து வீங்கியது. மறுபடி அதே வளைவுகள், அதே வார்டு. டிரைவர் இல்லை. கட்டிலில் வேறு ஆள்.

மறுபடி சிறுநீரில் பட்டையை நனைத்தார்கள். டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணா, உங்க உடம்புல நிக்கோட்டின் இருக்கு. நிறையவே இருக்கு."

"இல்லீங்க. நான் தொடவே இல்லீங்க."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. நான் திட்ட வரலை. ஆனா இப்படியே போனா பாதத்துல முன்பாதியை எடுக்கணும். அடுத்த வாரமே எடுக்கணும்."

முன்பாதி போனால் சரிவான காட்டில் ஏணி சாய்த்து மிளகு பறிக்க முடியாது. எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். ஆனால் அந்த நேரத்தில் அதைவிட அம்மாவின் முகம்தான் என்னைக் கொன்றது. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். மாலையில், கோகிலா, நீ போன் செய்தாய். அம்மா சொல்லிவிட்டாள். "எனக்குச் சத்தியம் பண்ணுனீங்களேப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். மூன்று நாட்கள் என்னோடு பேசவில்லை. உன்மேல் கோபமில்லை கண்ணு. உன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

மறுநாள் காலை கட்டு மாற்ற வந்த சிஸ்டர் கடற்கரை ஊர்க்காரர். மலையைப் பார்த்ததே இல்லை. காலைத் தூக்கித் துடைத்தவர், "இது என்ன, வளையம் போட்ட மாதிரி கறை? துடைச்சாலும் போகலையே" என்றார். கணுக்காலுக்கு மேல் ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று.

"அது அட்டைத் துணிங்க சிஸ்டர்."

"அட்டைன்னா? ரத்தம் குடிக்குமே, அதுவா?"

"ஆமாங்க. பொகையிலத் தண்ணியில நனைச்சுக் கட்டிக்குவம். அட்டை ஒட்டாது."

சிஸ்டரின் கை அப்படியே நின்றது. "எவ்வளவு நேரம் கட்டுவீங்க?"

"விடிஞ்சதும் கட்டுனா பொழுது சாயத்தான் அவுப்பம்."

அவர் கட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார். டாக்டரம்மா வந்தார். என்னை மறுபடி சொல்லச் சொன்னார். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. பிளாஸ்திரிகூட ஆகாது என்று சொன்னாரே. நான் ஒட்டிக்கொண்டது பிளாஸ்திரியைவிடப் பெரிது. அதுவும் ஈரமாக, பகல் முழுக்க, புண் இருக்கிற காலிலேயே.

"தோல் வழியா உள்ள போகுமுங்களா?"

"நல்லாவே போகும். ஈரத் தோல்ல, கீறல் இருந்தா இன்னும் வேகமா." பிறகு அவர் அம்மாவைப் பார்த்தார். "அக்கா, துணியை யார் பிழியறது?"

"நாந்தேன். வெறுங்கையில."

"பிழிஞ்ச அன்னைக்குத் தலை சுத்தல், வாந்தி ஏதாவது?"

மழை மாதம் வந்தால் அவளுக்குக் குமட்டும், கண் இருட்டும். ஈரக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று இத்தனை வருடமாக நாங்கள் சுக்குத்தண்ணி வைத்துக் குடித்துக்கொண்டிருந்தோம். இன்னொரு பட்டையை எடுத்து அவளுக்கும் பார்த்தார்கள். வாழ்நாளில் புகையிலையை நாக்கில் வைக்காத உங்கள் அம்மாவின் உடம்பிலும் அது இருந்தது.

அம்மா அழவில்லை. "ஏனுங்க, புள்ளைங்களும் சனி ஞாயிறு கட்டுதுங்களே" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். என் பாதம், விரல், தொழில் எல்லாம் அந்த நிமிடம் எனக்கு மறந்துபோனது. உடனே அத்தைக்குப் போன் போட்டேன். "ஊட்டுல இருக்கற அட்டைத் துணியப் பூரா எடுத்துக் குழி தோண்டிப் பொதைச்சுரு. பொறவு காரணம் சொல்றேன்" என்றேன். "காலுக்கு வைத்தியம் பாக்கப் போனயா, மண்டைக்கா?" என்றாள் அத்தை. ஆனாலும் புதைத்தாள்.

பிறகு டாக்டரம்மாவிடம் கேட்டேன். "எனக்குப் பத்து நாள் குடுங்கம்மா. இனி என் தோல்லகூட அது படாது. பத்து நாள் கழிச்சு நீங்க எங்க வெட்டச் சொன்னாலும் காலை நீட்டறேன்."

அவர் யோசித்தார். "தர்றேன். ஆனா காய்ச்சல் ஏறினாலோ சீழ் மேல வந்தாலோ அன்னைக்கே எடுத்துடுவேன்."

அந்தப் பத்து நாட்களும் எனக்கு வேறு வேலை இல்லை. சொட்டு மருந்து, ஆன்டிபயாடிக் ஊசி, கட்டு. அம்மா என் வேட்டி, துண்டு, போர்வை எல்லாவற்றையும் துவைத்தாள். சிவப்பு எதுவரை இருக்கிறது என்று பாதத்தில் சிஸ்டர் தினமும் பேனாவால் கோடு போடுவார். மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்போம். முதல் இரண்டு நாட்கள் தாண்டியது. மூன்றாம் நாள் கோட்டிலேயே நின்றது. அன்று, கோகிலா, நீ போன் செய்தாய். அம்மாவின் போனிலிருந்து சிஸ்டர் எல்லாவற்றையும் உனக்குச் சொல்லியிருந்தார். "அப்பா" என்றாய். சிவப்பு நின்றுவிட்டது என்று உனக்குச் சொன்னேன். ஐந்தாம் நாள் பட்டை சுத்தம் என்று காட்டியது. எட்டாம் நாள் சிவப்பு கோட்டுக்கு உள்ளே சுருங்கியது. கறுத்த இரண்டு விரல்களுக்கும் பாதத்துக்கும் நடுவில், செத்தது இதுவரை, உயிர் இதற்குமேல் என்று ஓர் எல்லை தெரிந்தது.

அந்த இரண்டை மட்டும் எடுத்தார்கள். பாதம் தங்கியது.

வீட்டுக்கு வந்த பிறகு அத்தை என்னிடம் சண்டைக்கு வந்தாள். "எங்கப்பன் காலத்துலருந்து கட்டறோம். யாருக்கு வெரலு போச்சு?" சரியான கேள்வி. இந்த நோய் எல்லோருக்கும் வராது. எனக்கு அதைக் கொண்டுவந்தது இருபத்தைந்து வருடப் பீடியும் புகையிலையும்தான். அட்டைத் துணி அதை அணையவிடாமல் ஊதிக்கொண்டிருந்தது. ஆனால் விரல் போகாதவர்கள் உடம்பிலும் அது போய்க்கொண்டுதானே இருக்கிறது? துணி பிழிவதை விட்ட பிறகு, மழை பெய்தும் அம்மாவுக்குக் குமட்டல் வரவில்லை. அத்தை இப்போதெல்லாம் எனக்கு முன்னால் கட்டுவதில்லை. பின்னால் கட்டுகிறாள் என்று தெரியும். விடமாட்டேன், கேட்டுக்கொண்டே இருப்பேன். நீங்களும் அவள் கொடுத்தால் வாங்கக்கூடாது. உங்களுக்கு முழங்கால்வரை நெருக்கமாக நெய்த காலுறை வாங்கி வைத்திருக்கிறேன். ஒட்டினால் உப்பு இருக்கிறது. அட்டை குடிப்பது கொஞ்சம் ரத்தம். அது ஊறிவிடும்.

நேற்று பிரவீன் பள்ளியில் இருந்தபோது நானும் பரீட்சை லீவில் இருந்த கோகிலாவும் மேட்டுக் காடுவரை நடந்தோம். ஷூவும் காலுறையும் போட்டுத்தான் போனேன். நடுவில் ஒரு மரத்தடியிலும் நான் நிற்கவில்லை. கோகிலா அதைக் கவனித்தாள், சொல்லவில்லை. திரும்பி வந்து காலுறையைக் கழற்றினால், எந்த வழியாக நுழைந்ததோ, இடது பாதத்தின் மேல்புறத்தில் ஓர் அட்டை. உருண்டு திரண்டு குடித்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா மெஷின் வைத்துத் தேடியும் கிடைக்காத இடத்தில் அது தானாகவே ரத்தத்தைக் கண்டுபிடித்திருந்தது.

"ஐயோ அப்பா, ரத்தம்!" என்று கோகிலா உப்பு எடுக்க ஓடினாள். ஓடியவள் பாதி வழியில் நின்று திரும்பினாள். என் பாதத்தில் சிவப்பாக, சூடாக, ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

"ரத்தம் வருதுப்பா" என்றாள் மறுபடியும், இந்த முறை மெதுவாக.

"ஆமா கண்ணு" என்றேன். "உப்பு அப்புறம் போடலாம். குடிச்சுட்டுப் போகட்டும்."